மணமகளின் தாய்க்கு எந்த வரிசையில் இடம்?

ஊர்தோறும் திருக்கல்யாண உற்சவம் நடத்தும் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும், உபயதாரர்களுக்கும், பட்டர்களுக்கும், பந்தலில் ஓடியாடி வேலை செய்யும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். பங்குனி உத்திரமோ, சித்திரையோ, ஐப்பசியோ, உங்கள் ஊர் வழக்கம் எதுவானாலும், பந்தக்கால் நட்டுவிட்டால் பிறகு உங்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. வசூலுக்கு அலைய வேண்டும். நாதஸ்வரக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். விருந்துக்குக் காய்கறி இறக்க வேண்டும். தேர்வடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பைசா ஊதியம் இல்லாமல், சொந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நீங்கள் செய்யும் தொண்டினால்தான் எங்கள் ஊர்ச் சாமிக்கு ஆண்டுதோறும் கல்யாணம் நடக்கிறது. அந்த நன்றியை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

இத்தனை வேலைக்கும் நடுவே, இந்தக் கல்யாணத்தை எதற்காக நடத்துகிறோம் என்பது நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. அது நழுவும்போது பந்தலுக்குள் சிலர் அயலாராகிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

"சாமிக்குத்தான் ஏற்கனவே கல்யாணம் ஆகிவிட்டதே, ஒவ்வொரு வருஷமும் ஏன் பண்ணுகிறீர்கள்?" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்பதுண்டு. சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். நல்ல கேள்வி அது. சிவனும் சக்தியும் ஒருநாளும் பிரிந்தவர்கள் இல்லை என்றுதான் நம் சமயம் அடித்துச் சொல்கிறது. "அருளது சத்தி யாகும் அரன்றனக்கு, அருளை யின்றித் தெருள்சிவம் இல்லை, அந்தச் சிவமின்றிச் சத்தி யில்லை" என்பது சிவஞான சித்தியார். பாதி உடம்பாக இருப்பவளுக்கு எதற்குத் தாலி? பிரியாதவர்களைச் சேர்த்துவைக்க நாம் யார்?

சீர்காழியில் ஞானசம்பந்தர் பாடிய பதிகம் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. "மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம் வைகலும்" என்று தொடங்கி, "பெண்ணில் நல்லாளொடும் பெருந்தகை இருந்ததே" என்று அந்தப் பாட்டு முடிகிறது. இந்த மண்ணிலேயே, நாள்தோறும், நன்றாக வாழ முடியும். அதற்கு என்ன சாட்சி? அவன் அவளோடு வீற்றிருக்கிறான், அதுவே சாட்சி. எல்லாம் கடந்து நிற்கும் பரம்பொருள் நம் ஊர் மண்டபத்தில், நம் முறைப்படி, பட்டு வேட்டி கட்டி, கையில் காப்புக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருகிறது என்றால், நமக்கு உறவாக வருவதற்குச் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். அவர்கள் இருவரும் எப்போதும் சேர்ந்தே இருக்கிறார்கள். அன்றைக்குச் சேர்த்துக்கொள்ளப்படுவது நாம்.

நான் மதுரை வட்டாரத்தவள். அதனால் மீனாட்சி கல்யாணத்தை வைத்தே சொல்கிறேன். அங்கே நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனித்திருப்பீர்கள். சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். முதலில் முடி சூட்டிச் செங்கோல் கொடுக்கிறார்கள். பிறகு எட்டுத் திக்கும் வென்று வருகிறாள். அதற்கப்புறம்தான் மாலை. மாப்பிள்ளையோ பெண்வீடு தேடி வருகிறார். சுந்தர பாண்டியனாகி அவள் நாட்டிலேயே தங்கிவிடுகிறார். கைலையில் அவரைக் கண்ட கணத்தில் தடாதகையின், அதாவது மீனாட்சியின், மூன்றாவது முலை மறைந்தது என்று புராணம் சொல்வதை அவள் தோற்றாள் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஆட்சியும் வெற்றியும் கைக்கு வந்த பிறகும் ஓர் உயிருக்குள் நிறையாத ஏதோ ஒன்று இருக்கிறது. சேர வேண்டிய இடத்தைக் கண்டதும் அந்தக் குறை தானாகத் தீர்ந்துபோகிறது. அப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அந்தக் கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர். கம்பத்தடி மண்டபத்துத் தூணில் அந்தக் காட்சி கல்லில் நிற்கிறது. அண்ணன் கை நீர் வார்க்க, தங்கை தலை கவிழ்ந்து நிற்கிறாள். அதே குன்றத்திலிருந்து முருகனும் தெய்வானையோடு வருகிறார். பெற்றோர் கல்யாணத்துக்குப் பிள்ளை எப்படி வருவான் என்று மதுரையில் எவரும் கேட்டதில்லை. உறவு என்றால் வரத்தான் வேண்டும்.

அழகர் கதை இதைவிடப் பெரியது. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிறார் என்பதுதான் கோயில் வரலாறு. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி இரண்டு விழாக்களையும் இணைத்தார் என்று சொல்வார்கள். ஆனால் ஆற்றங்கரையில் விடிய விடியக் காத்திருக்கும் சனத்தைக் கேட்டால் வேறு கதை சொல்லும். தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அண்ணன் வழியில் தாமதமாகிவிட்டார். வைகைக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார். எந்தத் தலபுராணத்திலும் இல்லாத இந்தக் கதையைச் சனங்களே கட்டிக்கொண்டார்கள். சைவ விழா ஒன்று, வைணவ விழா ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. அதன்மேல் அண்ணன் தங்கை என்ற பாலத்தைப் போட்டவர்கள் ஏட்டைப் புரட்டாத எளிய மக்கள். திருக்கல்யாணத்தின் பொருளை அவர்கள் அளவுக்கு யாரும் புரிந்துகொள்ளவில்லை என்பேன்.

வைணவத்திலும் இதே ஓட்டம்தான். ஆண்டாள் தன் திருமணத்தைக் கனவாகப் பாடினாள். வாரணம் ஆயிரம் சூழ மாப்பிள்ளை வருவதில் தொடங்கி, மஞ்சன நீராட்டி யானைமேல் ஊர்வலம் போவது வரைக்கும் ஒவ்வொரு சடங்காக அந்தப் பாசுரங்கள் விரிகின்றன. இரண்டு இடங்களில் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. ஒன்று, பொரியிடும் இடம். "வரிசிலை வாள்முகத்து என் ஐமார்" வந்து அச்சுதன் கையில் என் கையை வைத்தார்கள் என்கிறாள். துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்ட பெண் அவள். கூடப் பிறந்தவர் எவரும் இல்லை. கனவிலே அவளுக்கு அண்ணன்மார் இருக்கிறார்கள், வில் போன்ற புருவமும் ஒளிமுகமுமாக வந்து நிற்கிறார்கள். இன்னொன்று, அம்மி மிதிக்கும் இடம். "செம்மை உடைய திருக்கையால் தாள்பற்றி" என்கிறாள். உலகளந்தவன் குனிந்து ஒரு பெண்ணின் காலைத் தன் கையால் எடுத்து அம்மிமேல் வைக்கிறான். பக்தன் இறைவன் தாளைப் பற்றுவதுதான் உலகம் அறிந்தது. கல்யாணம் என்று வந்துவிட்டால் அவன் நம் தாளைப் பற்றுகிறான். இதைவிடத் துணிந்து யார் சொல்லியிருக்கிறார்கள்?

திருவரங்கத்தில் நம்பெருமாளும் தாயாரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்து காட்சி தரும் சேர்த்தி சேவை பங்குனி உத்திரத்தன்று. அந்தச் சேர்த்தியின் முன்னால்தான் இராமானுசர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார். முதலில் தாயாரிடம் சரண் புகுந்து, அவள் இசைவு பெற்ற பிறகே பெருமாளிடம் போகிறார். தாயும் தந்தையும் சேர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளை போய்க் கேட்டால் கிடைக்காதது உண்டா? அவர் கேட்டதும் தமக்காக மட்டும் இல்லை, தம்மைச் சார்ந்த எல்லோருக்காகவும் என்று ஆசாரியர்கள் சொல்வார்கள்.

ஆச்சாள்புரம் என்று இன்று நாம் சொல்லும் திருநல்லூர்ப் பெருமணத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சம்பந்தர் திருமணம். சடங்கை நடத்திவைத்தவர் திருநீலநக்க நாயனார். விருந்தினர் கூட்டத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியாரும் இருக்கிறார்கள். முன்பொரு நாள் சம்பந்தர் சொல்லித் தம் வீட்டு வேள்விக் குண்டத்துக்குப் பக்கத்திலேயே, ஒதுக்கப்பட்ட குலத்தவரான அந்தப் பாணருக்கு இடம் கொடுத்தவர்தான் நீலநக்கர். மணம் முடிந்து கோயிலுக்குள் போனதும் பேரொளி எழுகிறது, அதில் ஒரு வாயில் திறக்கிறது. சம்பந்தர் "காதலாகிக் கசிந்து" பாடி, வந்திருந்த அத்தனை பேரையும் முதலில் உள்ளே போகச் சொல்கிறார். உறவினர், அடியார், பல்லக்குத் தூக்கி வந்தவர் என்று எல்லோரும் போன பிறகுதான் மணமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சோதியை வலம் வந்து தாமும் புகுகிறார். கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஒருவரைக்கூட வெளியே நிற்கவைக்கவில்லை. இதுதான் நம் மரபு காட்டும் திருமணம்.

இனி நம் பந்தலுக்கு வருவோம்.

அண்மையில் நான் போயிருந்த ஒரு திருக்கல்யாணம். ஊர்ப் பெயர் வேண்டாம். கன்னிகாதானம் முடிந்து, பட்டர் மாங்கல்யத் தட்டை எடுத்து நான்கு பக்கமும் காட்டத் தொடங்கினார். ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார். பாதிப் பாட்டில் அவரிடமிருந்து மைக்கை வாங்கி, பந்தல் உபயம் யார், மின்விளக்கு உபயம் யார், மோர் உபயம் யார் என்று ஒருவர் வாசிக்கலானார். மணைக்கு முன்னால் படம் பிடிப்பவர்கள் வரிசைகட்டி நின்றார்கள். முக்கியப் பிரமுகர் ஒருவர் வந்துவிட, பொன்னாடை போர்த்தும் வேலையும் அதே நிமிடத்தில் நடந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, நெடுநேரமாக அட்சதையை உள்ளங்கையில் மூடிவைத்திருந்தார். வியர்வையில் மஞ்சள் கரைந்து அரிசி விரலெல்லாம் ஒட்டியிருந்தது. "கட்டியாயிற்றா அம்மா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கெட்டிமேளம் கேட்டதா என்று அவருக்கு முன்னால் இருந்தவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. தாலி ஏறி வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்தப் பாட்டி வந்தது அந்த ஒரு கணத்துக்காக. உபயதாரர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலோ விருந்துக்குப் பிறகோ, எத்தனை நேரம் வேண்டுமானாலும் வாசியுங்கள். தாரை வார்ப்பதிலிருந்து தீபாராதனை முடியும் வரையில் மந்திரமும் திருமுறையும் மேளமும் தவிர வேறு குரல் எழக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். மாங்கல்யதாரணம் முடியும்வரை மணைக்கு முன்னால் எவரும் நிற்கக்கூடாது, அவர் யாராக இருந்தாலும்.

முன்வரிசை நாற்காலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இமயத்தில் பார்வதி கல்யாணத்தைப் பார்க்க எல்லோரும் வடக்கே திரண்டபோது பூமி சாய்ந்தது. அகத்தியரைத் தெற்கே அனுப்பிச் சமன் செய்தார்கள். தான் மட்டும் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போகிறதே என்று அவர் வருந்தியபோது, நீ நிற்கும் இடத்திலேயே மணக்கோலம் காட்டுவேன் என்றார் இறைவன். வேதாரண்யத்தில் மூலலிங்கத்துக்குப் பின்னால் அந்த மணவாளக் கோலம் இன்றும் இருக்கிறது. தொலைவில் நின்றவரைத் தேடிப்போய்த் தரிசனம் கொடுத்தவருக்கு நாம் விழா எடுக்கிறோம். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முன்வரிசை, தடுப்புக்கட்டைக்குப் பின்னால் ஊர்ச்சனம் என்று எப்படிப் பிரித்தோம்? விருந்திலும் அப்படித்தான். கல்யாணச் சாப்பாடு மிஞ்சிக் கிடக்கிறது என்று தடாதகை சொல்ல, இறைவன் தம் பூதகணத்தில் ஒருவனான குண்டோதரனைக் காட்டி, இவன் பசிக்கிறான் என்கிறார். மலையாகக் குவிந்த சோறு தீர்ந்தும் அவன் பசி தீரவில்லை. பிறகு அவன் தாகத்துக்காக வைகையே வந்தது. எங்கள் ஆறே கல்யாண விருந்தில் வந்ததுதான். கடைசிப் பந்தியில் வருபவருக்கும் முதல் பந்தியில் போட்ட அத்தனையும் இலையில் விழ வேண்டும். இதை நீங்கள் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

மீனாட்சி கல்யாணத்தன்று மாங்கல்யதாரணம் ஆனவுடனே பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கோயிலில் மட்டும் இல்லை. வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தும் மாற்றிக்கொள்வார்கள். அழகான வழக்கம். இன்று பல ஊர்களிலும் விழாக் குழுவினரே ஒரு சிறு கவரில் மஞ்சள் கயிறு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், இரண்டு வளையல் போட்டுப் பெண்களுக்குக் கொடுக்கிறீர்கள். நான் என் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஒரு பந்தலிலும் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். கல்லூரியில் படிக்கிற வயதுப் பையன். நல்ல பிள்ளை, ஒவ்வொருவரிடமும் குனிந்து கொடுத்தான். எனக்குக் கொடுத்தான். என் அம்மாவின் நெற்றியைப் பார்த்தான். கை அப்படியே அவரைத் தாண்டி அடுத்த பெண்ணுக்குப் போனது. அப்பா போன பிறகு அம்மா திருநீறு மட்டும்தான் வைக்கிறார். அம்மா உடனே குனிந்து பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அப்படித்தான் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். "சுமங்கலிகள் முன்னால் வாருங்கள்" என்று மைக்கில் அழைக்கும்போதெல்லாம், மற்றவர்கள் பின்னால் போங்கள் என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறோம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். மதுரைக் கல்யாணத்தில் மணமகளின் தாய் யார்? காஞ்சனமாலை. அவள் கணவன் மலயத்துவச பாண்டியன் அப்போது எங்கே இருந்தான்? மகளுக்கு முடிசூட்டிவிட்டு விண்ணுலகம் போய்விட்டான். தடாதகை போருக்குப் புறப்பட்டதும் மணமுடித்ததும் தந்தை மறைந்த பிறகுதான். கன்னிகாதானம் செய்யத் தந்தை இல்லாத வீடு. அதனால்தான் திருமால் நீர் வார்க்கிறார். ஆகவே, நாம் இத்தனை நகை பூட்டி, இத்தனை மேளம் கொட்டிக் கொண்டாடும் இந்தத் திருக்கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவள் ஒரு கைம்பெண். அவளை யாரும் தூணுக்குப் பின்னால் உட்காரச் சொன்னதாகத் திருவிளையாடற் புராணத்தில் இல்லை.

அதோடு கதை முடியவில்லை. மாப்பிள்ளையாக வந்த சிவபெருமான் அந்த மாமியாருக்கு என்ன செய்தார் என்று இரண்டு படலங்கள் இருக்கின்றன. கடலில் நீராட வேண்டும் என்று காஞ்சனமாலைக்கு ஆசை. மகள் போய்க் கணவனிடம் சொல்கிறாள். ஒரு கடல் என்ன, ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைக்கிறார் அவர். எழுகடல் தெரு என்று மதுரையில் இன்றும் அந்தப் பெயர் நிற்கிறது. ஆனால் நீராடப் போனபோது வேறொரு சிக்கல். கணவன் கையையோ, மகன் கையையோ, அதுவும் இல்லாவிட்டால் பசுங்கன்றின் வாலையோ பிடித்துக்கொண்டு மூழ்குவதுதான் முறை என்கிறார்கள் பெரியவர்கள். எனக்குக் கணவனும் இல்லை, மகனும் இல்லை, கன்றின் வாலைத்தான் பிடிக்க வேண்டும் என்று அந்தத் தாய் மகளிடம் சொல்லி வருந்துகிறாள். கூட்டத்துக்கு நடுவே ஒரு கைம்பெண் இப்படிக் குன்றிப்போவதை நாம் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பார்த்திருக்கிறோம். மகளால் தாங்க முடியவில்லை. மறுபடியும் போய்ச் சொல்கிறாள். இறைவன் மலயத்துவசனையே விண்ணிலிருந்து வரவழைத்து, மனைவியின் கையைப் பிடித்து நீராடச் செய்து, இருவருக்கும் சிவலோகம் கொடுக்கிறார்.

கல்யாணம் ஆன மாப்பிள்ளை பெண்வீட்டில் முன்னின்று தீர்த்துவைத்த துயரம் இதுதான். சடங்கின் பேரில் ஒரு கைம்பெண் ஒதுங்கி நின்றாள். அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் பெயரில் நாம் நடத்தும் விழாவில், அதே சடங்கின் பேரில், அதே நிலையில் இருக்கும் அம்மாக்களைத் தாண்டிக் கவரைக் கொடுக்கிறோம். இது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். சிவனுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அவர் வாயால் "அம்மையே" என்று அழைத்தது காரைக்கால் அம்மையாரை. கணவன் விட்டுப் போன பெண் அவர்; தன் அழகு முழுவதையும் உதறிப் பேயுருவம் வாங்கிக்கொண்டவர். "நம்மைப் பேணும் அம்மை காண்" என்று உமையிடமே எடுத்துச் சொல்கிறார் இறைவன். பெண்ணைப் பெற்றவள் கைம்பெண். பிள்ளைக்கு அம்மை கணவனால் கைவிடப்பட்டவர். சம்பந்தி இருவருமே நம் பந்தலில் பின்வரிசைக்கு அனுப்பப்படக்கூடியவர்கள்.

சம்பிரதாயம் என்று சொல்வீர்கள். பட்டர் செய்யும் கிரியைகளில் ஒரு மந்திரத்தைக்கூட மாற்றும்படி நான் கேட்கவில்லை. தாலிக் கயிறு மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அப்படியே இருக்கட்டும், நானும் மாற்றிக்கொள்கிறவள்தான். நான் பேசுவது கருவறையில் நடப்பதைப் பற்றி இல்லை; பந்தலில் நாமே போட்டுக்கொண்ட வரிசையைப் பற்றி. மஞ்சள் கயிறு வேண்டியவர்களுக்குக் கயிறு கொடுங்கள். பூவும் குங்குமமும் இனிப்பும் அம்மன் பிரசாதம். அதைப் பந்தலில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நீட்டுங்கள். வைத்துக்கொள்வதும் வைக்காததும் அவரவர் விருப்பம். நீட்டும் கை நெற்றியைப் பார்க்க வேண்டாம்.

"நாங்கள் ஒதுக்கவில்லை, அவர்களாகத்தான் ஒதுங்கிப் போகிறார்கள்" என்று சொல்பவர்களும் உண்டு. உண்மைதான், ஒதுங்குகிறார்கள். வளைகாப்பில், நிச்சயதார்த்தத்தில், சொந்த மகளின் கல்யாணத்தில்கூட ஒதுங்கி ஒதுங்கிப் பழகியவர்கள் சாமி கல்யாணத்தில் மட்டும் தாமாக முன்னால் வந்துவிடுவார்களா? கூப்பிட வேண்டும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நெருங்கிய சொந்தத்தை எப்படிக் கூப்பிடுகிறோம்? பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டால் போதுமா? வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, "நீங்கள் வந்துதான் நடத்திக் கொடுக்க வேண்டும்" என்று சொல்கிறோம் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன். உங்கள் குழுவில் உள்ள பெண்கள் தெருத்தெருவாக அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போது இந்த அம்மாக்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போகட்டும். சீர்வரிசைத் தட்டு எடுத்து வரும் ஊர்வலத்தில் அவர்கள் கையிலும் ஒரு தட்டு கொடுங்கள். ஊரிலேயே மூத்த அம்மா ஒருவரைக் காஞ்சனமாலையின் இடத்தில், பெண்வீட்டார் பக்கம், மணைக்கு அருகில் உட்காரவையுங்கள். ஆட்சேபம் எழும், எழட்டும். ஏழுகடல் கதையை அன்று மாலை மேடையிலேயே சொற்பொழிவாளரைக் கொண்டு சொல்லச் செய்யுங்கள். கேட்டுவிட்டு எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். நம் ஊர் மனிதர்களை எனக்குத் தெரியும்.

சில ஊர்களில் நல்ல வழக்கங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பஜனை மரபில் ராதா கல்யாணம் நடத்துபவர்கள் உஞ்சவிருத்தி எடுப்பார்கள். பாடிக்கொண்டே தெருவில் போக, எந்த வீட்டு அரிசியானாலும் அந்தச் செம்பில் விழும். சாமிக்கு மொய் எழுதும் வழக்கத்தையும் நீங்கள் பல இடங்களில் வைத்திருக்கிறீர்கள். பத்து ரூபாய் கொடுத்தாலும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அந்த மேசைதான் பந்தலிலேயே எனக்குப் பிடித்த இடம். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் சாமிக்குச் சொந்தக்காரர்கள். அந்தக் கணக்கு மணைக்கு முன்னாலும் செல்லுபடியாக வேண்டும்.

கடைசியாக, அழைப்பிதழ். பெரும்பாலான ஊர்களில் "சுமங்கலிப் பெண்களும் கன்னிப் பெண்களும் கலந்துகொண்டு அம்பாள் அருள் பெற வேண்டுகிறோம்" என்பது போல ஒரு வரி பல காலமாக அப்படியே அச்சாகி வருகிறது. அச்சகத்தில் பழைய மாதிரியை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த முறை அந்த வரியை எடுத்துவிட்டு, "அம்மனின் தாய்வீட்டாராகிய பெண்கள் அனைவரும் முன்னின்று நடத்தித்தர வேண்டுகிறோம்" என்று போடுங்கள். இன்னும் ப்ரூஃப் பார்த்துக் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
பெண்வீட்டாரில் ஒருத்தி